வழியனுப்பும் வாழ்த்து

அன்று அருவிக்குப் போனவர்கள்: என் அண்ணன் முர்ஸகான், அவன் மனைவி மாக்வாலா, குதிரை வாடகைக்கு விடும் பக்கத்து வீட்டு ஓதார், அவனுடைய கிழட்டுக் குதிரை, நான்.

மாக்வாலா அண்ணி இத்தாலியில், பாரி நகரத்தில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். விடுப்பு முடிந்துவிட்டது. சாயங்காலம் நான் ஆள் ஏற்றி ஓட்டும் வேனில் குதாயிசி நகரத்துக்குப் போய் விமானம் ஏற வேண்டும். தவறினால் வேலை போய்விடும். எங்கள் வீட்டின் கீழ்த்தளம் அவள் சம்பாத்தியம். சுற்றுலாக்காரர்களுக்கென்று தொடங்கிய மேல்தளம் இன்னும் வெறும் கம்பியாக நிற்கிறது. அவள் போகக்கூடாது என்பது அண்ணனின் ஆசை. அதை வாயைத் திறந்து சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை.

போவதற்குள் அருவியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது அவள்தான். காலையிலேயே கிளம்பினோம். எல்லைக் காவல் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டினோம். இரும்பு வாடை அடிக்கும் ஊற்றில் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். மரப்பாலத்தைப் போன முறை வந்த வெள்ளம் கொண்டுபோயிருந்ததால் கல்லுக்குக் கல் தாவி ஆற்றைக் கடந்தோம். உஷ்பா மலையின் பனிப்பாறை உருகி வரும் ஆறு அது. காலையில் கணுக்கால் நனையும். வெயில் ஏறினால் இடுப்பைத் தொடும்.

அருவிச் சாரலில் அண்ணி நெடுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது உதடு நீலமாகியிருந்தது.

"அந்தக் கிழவருக்குப் போன்ல இதைக் காட்டுவேன்" என்றாள். "மூடு, குளிருதுன்னு கத்துவார்."

பாறைமேல் இறைச்சி அடைத்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பரப்பினோம். சாராயத்தை ஊற்றி அண்ணன் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தான். எங்கள் ஊரில் ஒருவன் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டால் அவன் முடிக்கும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. பயணம் போகிறவருக்கான வாழ்த்துதான் கடைசி.

கடவுளுக்குச் சொன்னான். செத்தவர்களுக்குச் சொன்னான். பிள்ளைகளுக்கு, அண்டை வீட்டாருக்கு, மலைக்கு, பனிக்கு. ஒவ்வொரு வாழ்த்துக்கும் எல்லோரும் குடிக்க வேண்டும்; வண்டி ஓட்ட வேண்டியவன் என்பதால் எனக்கு ஊற்று நீர்தான். வயிறு உப்பியது.

"அடுத்து என் குதிரைக்கா?" என்றான் ஓதார்.

"ஏன், அது உன்னைவிட உழைக்குது" என்று சொல்லி அண்ணன் குதிரைக்கும் ஒரு வாழ்த்துச் சொன்னான்.

ஆற்றின் சத்தம் மாறிவிட்டது. அடியில் கற்கள் உருண்டு மோதின. எல்லோருக்கும் கேட்டது.

"முர்ஸகான், தண்ணி ஏறுது" என்றாள் அண்ணி.

"ஏறட்டும். எங்க அப்பா ஆத்மாவுக்கு இன்னும் சொல்லலை."

"ரெண்டாவதாவே சொல்லிட்டே."

"அவருக்கு ரெண்டு தடவை சொல்லலாம்."

ஒரு இத்தாலிக்காரி எழுந்து போயிருப்பாள். இவள் எழவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்னாமல் வைத்தாள்.

"என்னோட வாழ்த்தைச் சொல்லு" என்றாள் கடைசியில்.

"சொன்னா போயிடுவ."

"சொல்லாட்டியும் போவேன். வாழ்த்தில்லாம அனுப்பினவன்னு ஊரு உன்னைத்தான் பேசும்."

"பேசட்டுமே."

"எனக்கு மட்டும் போக ஆசையா? இங்கேயே இந்தப் பாறையிலயே உக்காந்திருப்பேன், மாசம் பூரா. அப்புறம் மாடியை யார் கட்டுறது, நீயா?"

அண்ணன் எழுந்தான். மணிக்கணக்காகப் பேசியவன் இதை ஒரே வரியில் முடித்தான். "நல்லபடியா போ" என்றான். மிச்சத்தைக் குடித்துவிட்டு, கோப்பையைப் பாறைமேல் கவிழ்த்தான்.

நாங்கள் தாவி வந்த கற்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. அவளைக் குதிரைமேல் ஏற்றி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணனே தண்ணீரில் இறங்கினான். அவள் சேணத்தைப் பிடிக்கவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். நடு ஆற்றில் அவன் நின்றுவிட்டான். குதிரையும் நின்றது.

"கால் விறைச்சுப் போயிடும்டா, இழு" என்று கரையிலிருந்து ஓதார் கத்தினான்.

அவள் குனிந்து ஏதோ சொன்னாள். தண்ணீர் இரைச்சலில் எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு அவன் நடந்தான். அவளை இறக்கிவிட்டு, அதே குதிரையோடு எங்களுக்காகத் திரும்பி வந்தான். குனிந்த முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்தியிருந்த வேனுக்குள் காத்திருந்த பயணிகள் என்னைத் திட்டினார்கள். ஒரு மூட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அண்ணிக்கு இடம் கிடைத்தது. பாவாடை ஓரம் ஈரமாக இருந்தது. அண்ணன் பெட்டியை அவள் மடியில் வைத்தான். அவள் அதன்மேல் இருந்த அவன் கையைப் பிடித்தாள். விடவில்லை.

"அண்ணி, நேரமாச்சு" என்றேன்.

விட்டாள். அண்ணன் ஒதுங்கிக்கொண்டான். வளைவுகளில் தானாகத் திறந்துகொள்ளும் கதவு அது. இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து கொண்டியைப் போட்டுப் பூட்டினேன்.