கைவிட்ட குழாயில் தண்ணீர்ச் சத்தம்

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனுக்கு அங்கே இரண்டு கடமைகள். மனைவியின் சலவைக் கடைக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது ஒன்று. கொல்லையில் மாமனார் போட்டுக் கைவிட்ட ஆழ்துளைக் குழாயில் காதை வைத்து வியப்பது மற்றொன்று.

மோட்டார் உள்ளே விழுந்து மாட்டிக்கொண்டதோடு அந்தக் குழாயின் கதை முடிந்துபோயிருந்தது. ஆனாலும் பின்தெரு ஐஸ் ஃபேக்டரியில் மோட்டார் போட்டால், இங்கே உள்ளே சலசலவென்று கேட்கும்.

“ஊத்துக்கண்ணு மாப்ள, ஊத்து!”

“ஊத்துன்னா மேல வரணும் மாமா. இது கீழ விழுற சத்தம்.”

“சலவைக் கடைக்காரி புருஷன் காதுல இவ்ளோ அழுக்கா?”

கிணற்றுத் தண்ணீரோ இறங்கிக்கொண்டே போனது. மனைவி கயிற்றோடு கயிறு முடிந்து நீட்டினாள். “இன்னும் ஒரு முழம் இறங்கினா கடைக்குப் பூட்டுதாங்க” என்றாள்.

ஒரு நாள் அவன் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு பக்கெட் கரைத்துக் குழாய்க்குள் ஊற்றினான். மறுநாள் ஐஸ் ஃபேக்டரிக்காரர் நீலம் பாய்ந்த ஐஸ் கட்டியோடு தெருவில் நின்று கத்தினார்.

“புரியுதா மாமா? மேல நம்ம கிணத்துத் தண்ணி, அடியில அவங்க தண்ணி. நடுவுல களிமண் பிரிச்சு வெச்சிருந்துச்சு. அதுல நீங்க ஓட்டை போட்டுட்டீங்க. அவங்க அடியில உறிஞ்ச உறிஞ்ச, நம்ம கிணறு இது வழியா இறங்குது.”

சாயங்காலம் மாமனார் தானே களிமண்ணைக் கொட்டி, மேலே சிமென்ட் குழைத்துப் பூசினார். குழாய் வாயடைத்தது. அவரும்தான்.

சில நாள் கிணற்றுத் தண்ணீர் சற்று ஏறி நின்றது. மனைவி கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்க்கக்கூடச் செய்தாள். பிறகு மறுபடியும் இறங்கத் தொடங்கியது.

அவன் பக்கத்து வீட்டில் பாழடைந்து கிடந்த குழாயில் போய்க் காதை வைத்தான். சலசல. எதிர்வீட்டிலும் சலசல. கோடி வீட்டிலும் அதேதான். தெரு முழுக்க மாமனார்கள் இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது மனைவி கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாமனார் சிமென்ட் மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“அங்கெல்லாம் கேக்குதா மாப்ள?”

“கேக்குது மாமா.”

“நம்மது அளவுக்கு இருக்காது” என்றார்.

முதல் கடமை அன்றோடு முடிந்திருந்தது. இரண்டாவது மட்டும் மிச்சம்.

“நம்மதுக்கு ஈடா அது எப்படி வரும் மாமா” என்றான்.