யாப் அங்கிளின் குடல்

நோயாளிகளோடு பேச வேண்டாம் என்பதற்காகவே ஸ்கேன் படிப்பைத் தேர்ந்தெடுத்தவர் டாக்டர் நோராசிகின். பதினோரு வருடமாக இருட்டறையில் உட்கார்ந்து ஈப்போ ஊரார் வயிற்றையெல்லாம் பார்த்துத் தீர்த்துவிட்டார். ஆனால் ஒருவர் முகமும் தெரியாது.

அன்று திரையில் வந்தது யாப் வெங் ஹோங், வயது அறுபத்தெட்டு. வலப்பக்கப் பெருங்குடலின் சுவர் நன்றாகத் தடித்திருந்தது. கூடவே அறுவை நிபுணர் டாக்டர் கூ எழுதிய சீட்டு: 'புற்றுநோயாக இருக்கலாம். வியாழக்கிழமை குடலில் பாதியை எடுக்கிறோம். சாப்பிடும் மருந்துகள்: எதுவும் இல்லை.'

நோராசிகினுக்கு மனம் ஒப்பவில்லை. புற்றென்றால் பெரும்பாலும் ஓரிடத்தில் கோணல்மாணலாகத் தடித்திருக்கும். இதுவோ ஒரு சாண் நீளத்துக்குச் சீராக இருந்தது. காசநோயோ என்றால், அது சிறுகுடலின் முனையை லேசில் விடாது. அந்த முனை சுத்தமாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கினார். குடலை ஒட்டிய சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு நூல் நூலாகப் படிந்திருந்தது. இதை அவர் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தார். ஒரு குறிப்பிட்ட மூலிகைக் காயை வருடக்கணக்கில் காய்ச்சிக் குடிப்பவர்களுக்கு வருவது.

கூவுக்குப் போன் போட்டார்.

"மூணு தடவ கேட்டுட்டேன், சிகின். அந்த ஆளு மருந்தே தொடறதில்லையாம். பொண்டாட்டி சத்தியம் பண்ணாத குறை."

"கேமராக் குழாய் விட்டுப் பாத்தீங்களே?"

"பாதி வழியில நின்னுடுச்சு, அவ்வளவு இறுக்கம். எடுத்த சதையில புற்று இல்லன்னு வந்துச்சு. எடுத்த இடமே தப்போ என்னவோ. நான் சும்மா இருந்து அவரு செத்தா யாரு பதில் சொல்றது?"

அதுவும் நியாயம்தான். வேறு வழியில்லாமல் நோராசிகின் மாடியேறி வார்டுக்குப் போனார்.

யாப் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி லாய் குவான் பம்ப்ளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும்..."

"மருந்து கிடையாது. பிரஷர் கிடையாது, சுகர் கிடையாது. எழுதி கழுத்துல மாட்டிக்கட்டுமா?"

"மருந்து கேக்கல. காலையில எந்திரிச்சதும் என்ன குடிப்பீங்க?"

"இவ காய்ச்சற தண்ணி."

"என்ன தண்ணி, ஆன்டி?"

"சும்மா சூடு தணிக்கிற தண்ணி, டாக்டர். எல்லா வீட்லயும் காய்ச்சறதுதானே, அது மருந்தா?"

"எத்தன வருஷமா குடிக்கிறாரு?"

"மூத்தவ கல்யாணத்துல சமையல்காரன் மேல வாத்துத் தட்டை வீசினாரு. அதுலேர்ந்து. பத்தொம்பது வருஷம்."

"வாத்து வேகல," என்றார் யாப்.

ஆபரேஷன் முடிந்ததும் கொடுக்கவென்று ஒரு பொட்டலத்தை வேறு கையோடு கொண்டு வந்திருந்தார் லாய் குவான். பிரித்தால் ஆரஞ்சு நிறத்தில் காய்ந்த கார்டினியாக் காய். புத்தகத்தில் இருந்த அதே காய்.

"நீங்களும் குடிப்பீங்களா, ஆன்டி?"

"இந்தக் கசப்பையா? எனக்கென்ன கோபமா வருது?"

நோராசிகின் அந்தப் பொட்டலத்தைக் கூவின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். புதன்கிழமை மெல்லிய குழாயாகப் போட்டு உள்ளே போனார்கள். குடல் சுவர் முழுக்கக் கருநீலம், அந்தக் காய் ஏற்றும் நிறம். நாலைந்து இடத்தில் சதை எடுத்தும் புற்று எங்கேயும் இல்லை. வியாழக்கிழமை ஆபரேஷன் ரத்தானது.

சேதி சொல்ல நோராசிகினே மறுபடி மாடியேறினார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்தத் தண்ணிய இனி தொடவே கூடாது. அப்பப்ப வந்து காட்டணும். அவ்வளவுதான்."

லாய் குவான் சிரிக்கவில்லை. "என் கையாலயே ஊத்திக் கொடுத்தேனே," என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு, "இனி இவரு கோபத்துக்கு நான் என்ன பண்ணுவேன், டாக்டர்?" என்றார்.

யாப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தத் தண்ணியில என் கோபம் ஒரு நாளும் அடங்கல."

"அப்புறம் எதுல அடங்குச்சு?" என்றார் லாய் குவான்.

"விடியக்காலையில தூக்கக் கலக்கத்தோட நீ அடுப்புகிட்ட நிப்ப. அதப் பாத்துட்டு அன்னிக்கு யாரு மேல கத்துறது?"

லாய் குவான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

"சொன்னா நீ எந்திரிக்கறத நிறுத்திருப்பியே."