ஓட்மர் உரித்த வெங்காயம்

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் காளியண்ணன் தன் மனைவியிடம் கேட்ட கேள்விகளை நாகமணி விரல்விட்டு எண்ணிவிடுவாள். சோறாச்சா, சட்டை எங்கே, யார் வந்தது. கெட்ட மனிதர் இல்லை. காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டை மேற்பார்க்கும் மண்டோர், மாலையில் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளர். பேசவேண்டியதை எல்லாம் வெளியில் பேசித் தீர்த்துவிட்டு வெறும் வாயோடு வீட்டுக்கு வருவார், அவ்வளவுதான்.

எண்பத்து நான்காம் வருடம் அதை மாற்றியவர் ஓர் ஆஸ்திரியாக்காரர்.

சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்ட வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைக் கழுவப் போன நாகமணிக்குக் குப்பையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. ஓட்மர் என்ற பந்தாட்டக்காரரின் கதை. இரண்டு உலகப் போருக்கும் நடுவில் வியன்னாவில் கோல் கோலாக அடித்துத் தள்ளியவர். படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்த அவள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது காளியண்ணன் என்னவென்று கேட்டார். சொன்னாள். உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம்?" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவள் படுக்கும் வரை மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு தினமும் மாலை காப்பியும் ஓட்மரும்தான். செங்கல் சூளையில் துணிப்பந்து உதைத்த ஓட்மர், ஒரே ஆட்டத்தில் எட்டு கோல் போட்ட ஓட்மர். கோல் பக்கத்தில் காத்து நிற்காமல் நடுத்திடலுக்கு இறங்கி வந்து எதிரணியைக் குழப்புவது அவருடைய தந்திரம். இது காளியண்ணனுக்குப் பெரிய அதிர்ச்சி. ரப்பர் காட்டில் ஆளுக்கொரு மரவரிசை, நிரை என்பார்கள். ஒருவர் நிரை மரத்தில் இன்னொருவர் கத்தி வைக்கக் கூடாது. அதே கணக்கில்தான் அவர் திடலையும் பிரித்துக் கொடுத்திருந்தார். பந்து பக்கத்து நிரைக்குப் போய்விட்டால் யாரும் துரத்துவதில்லை. ஆறு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் நாகமணி கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். முட்டி போயிற்று, ஐந்து நாட்டில் பயிற்சி கொடுத்தார், திரும்பி வந்து சுருட்டுக்கடை வைத்தார். நாலே வரி. இதைப் படித்து முடித்தால் நாளை மறுபடியும் சோறாச்சாதான்.

அதனால் ஓட்மரை அவள் சாகவும் விடவில்லை, கடை வைக்கவும் விடவில்லை. பயிற்சியாளர் ஓட்மர் மிகக் கண்டிப்பானவர் ஆனார். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் வெங்காயம் உரிப்பார், கண் தெளியுமாம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். அன்றைக்கு நடந்ததில் ஒன்றையாவது மனைவியிடம் சொல்லாவிட்டால் அவருக்குப் பந்து காலில் நிற்காதாம்.

காளியண்ணன் உரித்தார், கழுவினார், சொன்னார். மறுநாள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் குழுவின் பதினோரு பேரும் உட்கார்ந்து கண்ணீர்விட்டு வெங்காயம் உரித்தார்கள். மூன்று நாள் எல்லா வீட்டிலும் வெங்காயச் சாம்பார். பொய் அவளை உறுத்தத்தான் செய்தது. ஆனால் இத்தனை வருடம் மனதுக்குள் உறுத்தக்கூட ஒன்றுமில்லாமல் இருந்ததை நினைத்தால், அதுவும் ஒரு துணையாகத்தான் இருந்தது.

ஆட்டத்தன்று புத்தகத்தை முனியாண்டி சாமி முன் வைத்து, எலுமிச்சம்பழம், அவித்த முட்டை, ஒரு சுருட்டு படைத்துவிட்டுத் திடலுக்குப் போனார்கள். எதிரணி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். காளியண்ணன் குழுவின் முன்கள ஆட்டக்காரன் சோமு, அவர் சொன்னபடி நடுத்திடலுக்கு இறங்கி வந்தான். அங்கே நின்ற அதே குழுவின் தங்கராஜுவுக்கு ரத்தம் கொதித்தது.

"என் நிரையில உனக்கென்னடா வேலை?"

"மண்டோர் சொன்னாரு லா."

"மண்டோரே வந்தாலும் இது என் நிரை."

சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நிரைச் சண்டை என்றால் சும்மா நிற்க முடியுமா? எதிரணியும் பால்வெட்டுக்காரர்கள்தான். அவர்களுடைய தடுப்பாட்டக்காரர்கள் விலக்கிவிட ஓடி வந்தார்கள். கோல் காப்பாளர் நியாயம் சொல்ல வந்தார். நடுவர் வேறொரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி; விசிலை மறந்து, முதலில் யார் நின்றது என்று விசாரிக்கத் தொடங்கினார். ஓரத்தில் நின்ற காளியண்ணன் குழுவின் அப்பளசாமிக்குச் சண்டை என்றாலே பயம். காலடியில் கிடந்த பந்தைச் சும்மா தட்டிக்கொண்டே நடந்து போய், எதிரணியின் காலி கோலுக்குள் தள்ளினார்.

ஒன்றுக்குச் சுழியம் என்று ஜெயித்தார்கள். தோட்டமே ஓட்மரைக் கொண்டாடியது.

வினை மறுவாரம் வந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சிவானந்தம் வெற்றி விழாவில் பேசுவதற்காகப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனார். நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர். இரண்டு நாளாக நாகமணிக்குக் கை வேலையில் நிற்கவில்லை; உப்பை இரண்டு முறை போட்டாள்.

மூன்றாம் நாள் காளியண்ணன் புத்தகத்தோடு வந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, "அதுல வெங்காயமே இல்லையாமே," என்றார்.

அவள் அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். பின்னால் கூடையை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பினாள். அவர் கத்தியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வெங்காயத்தின் தலையைச் சீவிக்கொண்டிருந்தார்.

"கடைசியில சுருட்டுக்கடை வச்சாராமே," என்றார் நிமிராமல். "யாவாரம் எப்படி?"

நாகமணி அடுப்பைத் தணித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மொத நாளு ஒருத்தரும் வரல," என்று ஆரம்பித்தாள்.