வெள்ளிக்கிழமைத் தகப்பன்

வெயிலுமுத்து பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்கே சண்முகவடிவு மகள் பேராச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தாராவியிலேயே இரண்டு சந்து தள்ளியிருந்த அண்ணன் கணேசபாண்டியன் வீட்டுக்குப் போய்விட்டாள். "ஒரு தடவைதான?" என்று சமாதானம் பேச வந்த பெண்களிடம், "ரெண்டாவத நீங்க வாங்கிக்கிடுதியளா?" என்று கேட்டாள். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். அவள் அப்படிப்பட்டவள்.

விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. பிள்ளை தாயிடம் இருக்கட்டும், தகப்பன் செலவுக்குக் கொடுக்கட்டும், ஞாயிறுதோறும் பிள்ளையைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஜட்ஜ். "ஞாயிறு லீவுதானே, சம்மதமா?" என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டபோது வெயிலுமுத்து தலையை ஆட்டிவைத்தான். கறுப்புக் கோட்டைக் கண்டால் நம்மவர்களுக்குத் தலை தானாக ஆடும். என்ன கேட்டார்கள் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைக்கும். அவன் வேலை பார்த்தது ஜெயினுலாப்தீன் முதலாளியின் தோல் பட்டறையில். அங்கே லீவு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் பச்சைத் தோல் வந்து இறங்கும். அன்றைக்கு வராதவன் மறுநாள் வரவே வேண்டாம்.

முதல் ஞாயிறு அவனால் போக முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, தோல் வாடை போக உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு, மச்சான் வீட்டு வாசலில் போய்த் திருடனைப்போல நின்றான். சண்முகவடிவு பிள்ளைக்குத் தலை சீவி, கையைப் பிடித்து அவனிடம் கொடுத்தாள். அது முதல் எல்லா வெள்ளியும் அப்படியே நடந்தது. தகப்பனும் மகளும் தாதர் வரை போய் டிராமில் ஏறி, எங்கே இறங்குவது என்று சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள்.

கணேசபாண்டியன் விடுவானா? தகப்பன் ஒரு ஞாயிறுகூட வரவில்லை, பார்க்கிற உரிமையை ரத்து செய்யுங்கள் என்று தங்கச்சி பேரில் மனுப் போட்டான். வெள்ளிக்கிழமை சமாசாரம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. உத்தரவில் ஞாயிறு என்றுதானே இருக்கிறது என்ற தைரியம். வெயிலுமுத்து மாதுங்காவிலிருந்த வக்கீல் ஜம்புவிடம் ஓடினான்.

"வெள்ளிக்கிழமை போனேன்னு சொல்றீர். சாட்சி யாரு? உம்ம பெண்டாட்டிதான். அவ சொல்லுவாளா?" என்றார் ஜம்பு. "நாம குழந்தையையே நமக்குத் தரணும்னு எதிர்மனு போடுவோம். பதினாறணா கேட்டாத்தான் எட்டணாவாவது தேறும்."

விசாரணை அன்று வெயிலுமுத்து விடிந்ததுமே கோர்ட்டு வாசலில் போய் நின்றான். அந்த ஒரு நாளும் போய்விட்டால் பேராச்சி அவன் முகத்தையே மறந்துவிடுவாள்.

சண்முகவடிவு கூண்டில் ஏறினாள். அவள் தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை என்றைக்காவது வந்தாரா?"

"வரல."

போதும் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் இறங்கவில்லை.

"ஐயா, நான் இன்னும் முடிக்கல. ஞாயித்துக்கெழம அவியளுக்கு வேல. வெள்ளிதான் லீவு. எல்லா வெள்ளியும் வந்தாவ. நாந்தான் பிள்ளைய அனுப்பி வச்சேன். என்னைய அடிச்சது நெசம், அந்த வீட்டுக்கு நான் திரும்பப் போவமாட்டேன். ஆனா பிள்ளையப் பாக்க வரலன்னு சொன்னா அது பொய்."

கணேசபாண்டியன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். கோர்ட்டு உத்தரவை மாற்றிப் பிள்ளையை வெள்ளிக்கிழமை அனுப்ப உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"யாரும் குடுக்கல. பிள்ள வாசலப் பாத்துக்கிட்டே இருந்திச்சு."

ஜம்பு வெயிலுமுத்துவின் காதோடு, "உத்தரவை மீறினேன்னு அவளே ஒத்துண்டுட்டா. இப்போ கெட்டியா பிடிச்சா குழந்தையே உம்ம கைக்கு வந்துடும்" என்றார்.

வெயிலுமுத்துவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. அவன் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்கிறாளே, இவளையா அடித்தோம் என்று உடம்பெல்லாம் கூசியது. அவள்மேல் இப்படி ஒரு மதிப்பு, கூட வாழ்ந்த நாளில் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வக்கீல் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க அவன் எழுந்தான்.

"பிள்ள அவகிட்டயே இருக்கட்டும் சாமி. எனக்கு வெள்ளிக்கெழம போதும்."

ஜட்ஜ் இரண்டு மனுவையும் தள்ளிவிட்டு, ஞாயிறை அடித்து வெள்ளி என்று எழுதினார்.

வெளியே படிக்கட்டில் அவன் தயங்கித் தயங்கி அவள் அருகில் போனான். "நீ பேசாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியே, வடிவு."

"ஒங்களுக்காவச் சொல்லல. எங்கப்பா ஏன் என்னயப் பாக்க வரலன்னு நாளைக்கு அவ கேட்டா, நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் பதில் சொல்ல?"

அவன் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கும்பிடெல்லாம் வேண்டாம். பொம்பளைய அடிக்கக் கூடாதுன்னு அவளுக்கு மாப்பிள்ளையா வாரவன்கிட்டச் சொல்ல ஒரு அப்பன் வேணும். அதுக்காச்சும் ஒழுங்கா இரிங்க" என்று சொல்லிவிட்டு, கோபத்தில் விடுவிடுவென்று முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணனைப் பிடிக்க அவள் வேகமாக நடந்தாள்.