தலைக்கட்டு வரி

பரிமளா கவுன்சிலர் ஆனது அவளாகக் கேட்டு நடந்ததில்லை. தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது அவள் குடியிருந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். செய்தி தெரிந்ததும் கோயில் மண்டபத்தில் சங்கம் கூடியது. நடுத்தெருவில் உள்ள நெசவுக் குடும்பங்கள் எல்லாம் அந்தச் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவை. யாரை நிறுத்தலாம் என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சங்கத் தலைவர் வேணுகோபால், கமலக்கண்ணன் மனைவி பரிமளா பத்தாவது வரை படித்தவள், கூட்டத்தில் பயமில்லாமல் பேசக்கூடியவள் என்றார். அதோடு பேச்சு முடிந்தது. சங்கம் ஒருவரைச் சொல்லிவிட்டால் நடுத்தெருவிலிருந்து எதிர்த்து மனுப் போட ஆளிருக்காது.

தறியில் உட்கார்ந்திருந்த பரிமளாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் வேணுகோபால் சொல்லி மறுக்கிற நிலையில் அவர்கள் வீடு இல்லை. தறியில் ஏற்றுகிற பாவு நூலும் ஜரிகையும் அவர் கொடுப்பது. நெய்த புடவைக்குக் கூலியும் அவர் கொடுப்பது. அது மட்டுமல்ல. கமலக்கண்ணனுக்குக் குடல் ஆபரேஷன் நடந்தபோது சொந்தக் காரில் வேலூருக்கு அழைத்துப்போய், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர் அவர். அந்த வீட்டில் அவருக்கு மாமா என்றுதான் பெயர். பரிமளா ஜெயித்தாள்.

வார்டு என்றால் நடுத்தெரு மட்டும் இல்லை. நடுத்தெருவுக்குக் கீழே, ஆற்றுப் பக்கம் சரிந்து இறங்கும் பள்ளத்தெருவும் அதில் சேர்ந்ததுதான். அங்கே இருந்தவர்கள் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆண்கள் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்கினார்கள். பெண்கள் களையெடுக்கவும் நாற்று நடவும் போனார்கள். நடுத்தெருவில் பட்டுக்குச் சாயம் போடுகிற வீடுகளின் தண்ணீர் முழுவதும் திறந்த வாய்க்காலில் ஓடி, பள்ளத்தெருவின் முனையில் போய்த் தேங்கும். ஒருநாள் சிவப்பாக, ஒருநாள் பச்சையாக, மழை பெய்தால் எந்த நிறம் என்று சொல்லமுடியாமல் கிடக்கும்.

கவுன்சிலர் ஆன மறு வருஷம் பள்ளத்தெருவிலிருந்து கன்னியம்மா என்பவள் வந்தாள். சாயத்தண்ணீர் தேங்கித் தேங்கித் தன் வீட்டுச் சுவர் ஊறிப்போய்விட்டது என்றும், கையை வைத்தால் மண் உதிர்கிறது என்றும் சொன்னாள். பரிமளா போய்ப் பார்த்தாள். அடுத்த நகராட்சிக் கூட்டத்திலேயே எழுந்து பேசினாள். ஆறு வரைக்கும் மூடிய கால்வாய் கட்டினால்தான் தீரும், அதற்குக் கையில் பணமில்லை, வீட்டு வரியைத் திருத்திப் பல காலமாகிறது, வருகிற வரி சம்பளத்துக்கே போதவில்லை என்று பதில் வந்தது. பரிமளா அடுத்த கூட்டத்திலும் பேசினாள். அதே பதில்தான்.

அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் கன்னியம்மாவின் வீட்டுச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. சுவரோரம் படுத்திருந்த அவள் புருஷன் சின்னக்கண்ணு எழுந்திருக்கவே இல்லை. பரிமளா போய்ச் சேர்ந்தபோது தெருவே முழங்கால் தண்ணீரில் நின்றது. உடம்பை எதிர்வீட்டுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே வேட்டி முழுக்கச் சாயம் ஏறியிருந்தது. கன்னியம்மா அழுது ஓய்ந்திருந்தாள். பரிமளாவைப் பார்த்ததும், திட்டவில்லை, சபிக்கவில்லை.

"உன்னாண்ட வந்து சொன்னேனேம்மா," என்றாள். "நீயும் வந்து பாத்துட்டுதானே போன."

 தான் இரண்டு முறை கூட்டத்தில் பேசியதை அந்த இடத்தில் சொல்லப் பரிமளாவுக்கு வாய் வரவில்லை. அடக்கம் முடியும்வரை நின்றுவிட்டு வந்தாள்.

தொண்ணூற்றெட்டில் வீட்டு வரியைத் திருத்தும் தீர்மானம் நகராட்சிக்கு வந்தது. ஓட்டு வீடுகளாக இருந்தபோது போட்ட வரியையே மாடிவீடுகளும் கட்டிக்கொண்டிருந்தன. கீழே கடை, மேலே இரண்டு அடுக்கு என்று எழும்பிவிட்ட கட்டடங்களும் கணக்கில் ஓட்டு வீடுகளாகவே நின்றன. அப்படிப்பட்டவை நடுத்தெருவிலும் பஜாரிலும்தான் அதிகம். இனி எல்லாவற்றையும் புதிதாக அளந்து வரி போடுவது என்றும், அந்தப் பணத்தில் முதலில் கால்வாய்களைக் கட்டுவது என்றும் தீர்மானத்தில் இருந்தது.

சங்கம் மறுபடி கூடியது. சங்கத்து ஆட்கள் நாலு பேர் அப்போது கவுன்சிலர்களாக இருந்தார்கள். நாலு பேரும் எதிர்க்கவேண்டும் என்பதுதான் கூட்டத்தின் பேச்சு. வேணுகோபால் கோபமில்லாமல், நிதானமாகத்தான் பேசினார். இந்தத் தெருவுக்கு நகராட்சி என்ன செய்தது என்று கேட்டார். தண்ணீருக்குப் போர் போட்டது சங்கம். தெருவிளக்கு சங்கம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கொடுத்தது சங்கம். நம்முடைய பாட்டை நாமே பார்த்துக்கொண்டிருக்கிறோம், கைத்தறிக்கு ஏற்கெனவே கேடுகாலம், இதில் ஊருக்கும் சேர்த்து நாம் ஏன் சுமக்கவேண்டும் என்றார். மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். மற்ற மூவரும் அங்கேயே சம்மதம் சொன்னார்கள். பரிமளா, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கூட்டத்தில் அப்படி ஒரு பதிலை யாரும் கேட்டதில்லை. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவளை அலைக்கழித்தது. சங்கம் எல்லாம் செய்தது, ஆனால் சங்கத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்குச் செய்தது. பள்ளத்தெருவுக்குச் செய்ய எந்தச் சங்கமும் இல்லை. நகராட்சி ஒன்றுதான் இரண்டு தெருவுக்கும் பொது. அதன் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, அது என்ன செய்தது என்று கேட்பது எப்படி நியாயமாகும் என்று அவளுக்குத் தோன்றியது. சாயத்தண்ணீர் மட்டும் எல்லை பார்க்காமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

கமலக்கண்ணனிடம் சொன்னாள். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"பாவு நின்னுடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

நாடாவைத் தறிமேல் வைத்தான். "அப்போ போய் அவராண்ட நேர்ல சொல்லிட்டு செய்யி. ஒளிஞ்சி செய்யவேணாம். அவுரு நமக்கு செஞ்சிருக்காரு."

மறுநாள் காலை பரிமளா வேணுகோபால் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் வெள்ளை விரிப்பின்மேல் புடவைகளைப் பிரித்துப்போட்டுக் கரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"நாளைக்கு நான் வரிக்கு ஆதரவா கை தூக்கப்போறேன் மாமா. உங்ககிட்ட சொல்லிட்டு செய்யணும்னு வந்தேன்."

அவர் கையில் இருந்த புடவையை மடித்து வைத்தார். "அந்தச் செவுரு விழுந்த விஷயமா?"

"அதுவுந்தான். நம்ம தண்ணியில ஊறி விழுந்த செவுருங்க அது."

"சங்கத்துல சொல்லி அந்தப் பொம்பளைக்கு ஒரு வூடு கட்டிக்குடுக்கறேன். போதுமா?"

"குடுங்க மாமா. ஆனா அடுத்த வூட்டுக்காரி யாராண்ட வந்து நிப்பா? நீங்க குடுத்தா அது தருமம். கால்வா கேக்கறது அவங்க பாத்தியம்."

 காபி வந்து ஆறிக்கொண்டிருந்தது.

"உன்ன அந்த நாற்காலியில ஒக்கார வெச்சது நாங்க," என்றார் கடைசியில்.

"ஆமாங்க. ஒக்காந்தது ரெண்டு தெருவுக்கும் சேத்து."

"சரி, போ," என்றார். குரல் உயரவில்லை. "இதுக்கப்புறம் சங்கத்துப் பக்கம் வராத."

மறுநாள் கூட்டத்தில் சேர்மன் தீர்மானத்தைப் படித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது பரிமளா தூக்கினாள். பக்கத்தில் இருந்த சங்கத்து ஆட்கள் மூன்று பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் எளிதாகவே நிறைவேறியது. அவளுடைய கை இல்லாவிட்டாலும் நிறைவேறியிருக்கும். நடுத்தெருவில் அதையே ஒரு குற்றமாகச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலே ஆகியிருக்குமே, ஊர் பார்க்கக் கை தூக்கவேண்டிய அவசியம் என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் பல தடவை கேட்டுப் பார்த்தாள். பேசாமல் இருந்திருந்தால் பள்ளத்தெருவுக்குள் எந்த முகத்தோடு போயிருப்பேன் என்பதைத் தவிர வேறு பதில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

தறியில் இருந்த பாவு முடிந்ததும் அடுத்த பாவு வரவில்லை. சில வாரம் தறி சும்மா கிடந்தது. பிறகு முள்ளிப்பட்டில் ஒரு முதலாளியைப் பிடித்து, கமலக்கண்ணன் சைக்கிளில் போய்ப் பாவு வாங்கிவந்தான். கூலி குறைவு. அதை அவர்கள் தாங்கிக்கொண்டார்கள்.

தாங்க முடியாதது ஆடி மாதத்தில் வந்தது. அம்மன் திருவிழாவுக்கு நடுத்தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று சங்கம் பிரிப்பதுண்டு. அதற்குத் தலைக்கட்டு வரி என்று பெயர். தொகை பெரிதில்லை. ஆனால் அதைக் கொடுக்கிற வீடுதான் சங்கத்தில் ஒரு வீடு. கொடுக்காத வீட்டுக்குத் திருவிழாவில் அர்ச்சனைத் தட்டு கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. சங்கத்துப் பொருளாளர் ஜெயவேல் வழக்கம்போல் வீடு வீடாக வந்தார். பரிமளாவின் பக்கத்து வீட்டில் வாங்கினார். இவர்கள் வாசலைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாமியார் அபிதகுசாம்பாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டான்போல என்றாள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, வேண்டாம் என்று பரிமளா தடுத்தும் கேளாமல், மண்டபத்துக்கே போனாள். ஜெயவேல் எழுந்து நின்றார், மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கையை நீட்டவில்லை. தலைவர் சொல்லாமல் வாங்க முடியாது என்றார். அவள் திரும்பி வந்து கூடத்தில் சுருண்டு படுத்தாள். மருமகளை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

"எங்க மாமனார் காலத்துலருந்து குடுத்துகினு வந்த வரிடி," என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்கெல்லாம் வரியைக் கூட்டிவிட்டவள் வீட்டில் வரி வாங்க ஆளில்லை என்று தெருவில் யாரோ சொன்னது பரிமளாவின் காதுக்கும் வந்தது. அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

கால்வாய் அடுத்த வருஷம் கட்டினார்கள். ஆற்றங்கரை வரைக்கும் சிமெண்ட் பலகை போட்டு மூடினார்கள். பள்ளத்தெரு முனை காய்ந்தது. கன்னியம்மா இருந்த இடத்திலேயே செங்கல்லில் சுவர் எழுப்பிக்கொண்டாள். சங்கம் வீடு எதுவும் கட்டிக்கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அபிதகுசாம்பாள் இரண்டாயிரமாவது ஆண்டு தையில் இறந்துபோனாள். சங்கத்துப் பந்தல் சாமான் வரவில்லை. சங்கத்து ஆட்கள் வரவில்லை. கமலக்கண்ணனின் மாமன் மச்சான்கள் வெளியூரிலிருந்து வந்து தூக்கினார்கள். உடம்பு தெருவைத் தாண்டும்போது வேணுகோபால் தன் வீட்டிலிருந்து வெளியே வந்தார். யாரோடும் பேசாமல், செருப்பில்லாமல், கூட்டத்துக்குக் கடைசியில் சுடுகாடு வரைக்கும் நடந்தார். காரியம் முடிந்ததும் அப்படியே திரும்பிப் போனார். அந்த ஆடியிலும் ஜெயவேல் அவர்கள் வாசலில் நிற்கவில்லை.

அடுத்த தேர்தலில் பரிமளா சுயேச்சையாக நின்றாள். நடுத்தெரு அவளுக்குப் போடாது என்பது தெரிந்ததுதான். பள்ளத்தெருவும் போடவில்லை. மனைப் பட்டா வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு கட்சிக்காரிக்குப் போட்டது. எண்ணிக்கை முடிந்து வரும்போது கன்னியம்மா வழியில் பார்த்து, தான் அவளுக்குத்தான் போட்டதாகவும், பிள்ளைகள் பேச்சைக் கேட்கவில்லை என்றும் சொன்னாள். பரிமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டா இல்லாதவர்கள் பட்டாவைப் பார்ப்பதில் என்ன தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. வருத்தம் இல்லாமலும் இல்லை.

சில வருஷம் கழித்து, வயதாகிவிட்டதென்று வேணுகோபால் தலைவர் பதவியை விட்டார். புதிதாக வந்தவர்களுக்குப் பழைய கோபம் இல்லை. அந்த ஆடியில் ஜெயவேல் எதுவுமே நடக்காததுபோல் வாசலில் வந்து நின்றார். பரிமளா உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தாள். விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்து நீட்டினாள். பழையதெல்லாம் சங்கத்தில் தள்ளுபடி பண்ணிவிட்டார்கள், வேண்டாம் என்றார் ஜெயவேல்.

"எங்க மாமியா குடுக்க வந்த வருசத்ததாவது வாங்கிக்கங்க," என்றாள் பரிமளா.

அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார்.

அதற்கப்புறம் ஒரு பங்குனி மாதம் வீட்டு வரி கட்ட நகராட்சிக்குப் போனாள். வருஷக் கடைசி என்பதால் நல்ல வரிசை. முன்னால் கைத்தடியோடு நின்றிருந்தவர் திரும்பியபோதுதான் வேணுகோபால் என்று தெரிந்தது. அளவெடுத்துப் போட்ட வரியை எதிர்த்து அவர் பல காலம் கேஸ் நடத்தி, தோற்று, இப்போது தானே வந்து கட்டுகிறார் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டாள். முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். வரிசை மெதுவாக நகர்ந்தது.

"நீ செஞ்சது தப்புன்னுதான் இன்னிக்கும் சொல்லுவேன்," என்றார், திடீரென்று, முன்னால் பார்த்துக்கொண்டே.

"தெரியுங்க மாமா."

"கை தூக்கினதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல பரிமளா. என்னாண்ட வந்து சொல்லிட்டுப் போய் தூக்கின பாரு, அதான் தாங்கல. சொல்லாம செஞ்சிருந்தா யாரோ மனச கெடுத்துட்டாங்கன்னு வுட்டிருப்பேன்." கைத்தடியை இன்னொரு கைக்கு மாற்றினார். "உன் அத்தைய மண்டபத்துலருந்து திருப்பி அனுப்பினது எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிஞ்சும் நான் ஒண்ணும் செய்யல."

அவர் முறை வந்தது. பணத்தைக் கட்டி ரசீதை மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். பரிமளா கட்டிவிட்டு வெளியே வந்தபோது அவர் வாசல் மரத்தடியில் நின்றிருந்தார். இருவரும் பஜார் வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள். வேகமாக நடக்க அவரால் முடியவில்லை. அவள் அதற்கேற்றபடி நடந்தாள். கமலக்கண்ணனுக்குப் பாவு வேண்டுமா, தன் பையனிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். முள்ளிப்பட்டுக்காரர் கஷ்டகாலத்தில் கொடுத்தவர், அவரை விடமுடியாது என்றாள் பரிமளா. அவர் தலையை அசைத்தார். அது நியாயம்தான் என்பதுபோல இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.