சுவரில் இருந்த ஆறரை

"பாப் எல் மண்டேப் எந்தப் பக்கம் இருக்கு, ரிங்கி? உன் பூரிக்கட்டைக்குக் கிழக்கயா, மேற்கயா?"

அண்ணனோடு சேர்ந்து தேர்வுக்குப் படிக்கும் துன்னா ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். நான் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். செங்கடலின் தெற்கு வாசல், ஒரு கரையில் ஏமன், எதிர்க்கரையில் ஜிபூட்டி. எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தபோது, "இன்னும் ரெண்டு போடவா?" என்றுதான் வந்தது. அவரும் என் அண்ணன் மிதிலேஷும் வெகுநேரம் சிரித்தார்கள்.

பாட்னாவில் முசல்லாபூர் சந்துகளில் ஜன்னலுக்கு ஜன்னல் ஒருவன் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். அண்ணன் பன்னிரண்டு வருடமாகப் படிக்கிறான். ஆறு பிள்ளைகளில் அவன் மூத்தவன், நான் கடைசி. மெஸ் சாப்பாடு அவன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒன்பதாம் வகுப்பின் நடுவில் என்னை நிறுத்தி, எங்கள் ஊர் சிவானிலிருந்து பஸ் ஏற்றிவிட்டார்கள். "அவன் ஆபீசர் ஆகட்டும், மறுநாளே உன்னப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடறேன்" என்றார் அப்பா. மூன்று வருடம் ஆயிற்று.

இந்தமுறை எழுத்துத் தேர்வில் தேறி நேர்காணல் வரை வந்துவிட்டான். வயது வரம்பால் இதுதான் அவனுக்குக் கடைசி.

அவனும் துன்னாவும் நாட்டு நடப்பைப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். பொருளாதாரமும் வணிகமும் அண்ணனுக்கு. எல்லை, கடல், தீவிரவாதம் துன்னாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை குறிப்புகளை மாற்றிக்கொள்வார்கள். ஒருவன் பங்கில் மற்றவன் மூக்கை நுழைப்பதில்லை. நேரம் மிச்சம் என்பார்கள். மாறிக்கொண்டே இருக்கும் எண்களைப் பென்சிலால் எழுதுவான் அண்ணன். மாறாதவற்றைச் சுவரில் கறுப்பு மையால் எழுதிவிடுவான். ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, இரண்டு வருடமாக அசையவே இல்லை. அதனால் அதுவும் சுவருக்குப் போயிற்று. அடுப்புக்கு நேர் மேலே, ஆறரை சதவீதம். கீழே இரண்டு கோடு.

அந்தச் சந்துகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. நேர்காணலுக்கு முந்தைய பத்து நாள் புதிதாக எதையும் படிக்கக் கூடாது. படித்தால் பழையது கலங்கிவிடுமாம். அண்ணன் தன் போனைத் துன்னாவிடம் கொடுத்துவிட்டான். வந்த பேப்பரை மடிப்புக் கலையாமல் என்னிடம் தள்ளினான்.

நான் பேப்பரைப் படித்துவிட்டுத்தான் தட்டுக்கு அடியில் விரிப்பேன். பிடித்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வேன். நோட்டு மாவு டின்னுக்குப் பின்னால் இருக்கும். அந்தச் சனிக்கிழமை முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது: ரெப்போ கால் சதவீதம் குறைப்பு, இனி ஆறேகால். நான் அண்ணாந்து சுவரைப் பார்த்தேன்.

மதியம் அந்தப் பக்கத்தைத் தலைப்பு அவன் கண்ணில் படும்படி விரித்தேன். அண்ணன் உட்கார்ந்தான், தட்டைத் தலைப்பின் மேலேயே வைத்தான். பருப்பை ஊற்றினேன். தட்டைச் சற்று நகர்த்தி வைத்தேன். அவன் மறுபடி இழுத்துக்கொண்டான்.

"என்ன, தட்டோட விளையாடுற?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொன்ன என் வாயை என்ன செய்வது?

சாயங்காலம் துன்னா நேர்காணல் அதிகாரிபோல் கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார். அண்ணன் ஸ்டூலில் விறைப்பாக இருந்தான். ரெப்போ வந்தது. "ஆறரை, சார்" என்றான். நான் பூண்டு உரிப்பதை நிறுத்தினேன்.

"அண்ணா, அது குறைஞ்சிடுச்சு. ஆறேகால்."

இருவரும் திரும்பினார்கள். என் காது சுட்டது.

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருந்தான்."

"எந்தப் பேப்பர்? காட்டு."

பருப்பு கொட்டிய பேப்பரை மதியமே மாட்டுக்குப் போட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு, மாடு பாஸ் ஆயிடும்" என்றார் துன்னா. "ரிசர்வ் வங்கி கவர்னரம்மா, அப்படியே வெங்காய விலையையும் குறைச்சு விடுங்க."

"பொட்டலம் கட்டி வந்த பழைய பேப்பரைப் படிச்சிருப்பா" என்றான் அண்ணன். "ரெண்டு வருஷமா அசையாதது எனக்கு நேர்காணல்னதும் அசையுமா?"

துன்னா போனை எடுத்தார். "பாத்துடலாமா?"

"உள்ள வைடா. பத்து நாள்னா பத்து நாள். பொருளாதாரம் என் பங்கு."

"உன் பங்குதான், நான் ஏன் வாயக் குடுக்குறேன்" என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

நேர்காணல் புதன்கிழமை. காலையில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஆறேகால் என்று பெரிதாக எழுதி, தேதியும் போட்டு, அவன் ஃபைலில் சான்றிதழ்களுக்கு நடுவே செருகினேன். நல்ல சகுனத்துக்குத் தயிரும் சர்க்கரையும் ஊட்டினேன். "கிளம்பும்போது எதுவும் பேசிக்கீசி வைக்காத" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். வாசலில் நின்று ஃபைலை ஒருமுறை உதறிச் சரிபார்த்தான். சான்றிதழைத் தவிர ஒரு தூசுகூட அதில் இருக்கக் கூடாதாம். அவன் படியிறங்கிய கையோடு வாசலைப் பெருக்கும்போது துண்டுக் காகிதம் விளக்குமாற்றில் வந்தது.

அப்போதும் நான் தெருவில் ஓடவில்லை. ஆட்டோ முனை திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தவன் டையைக்கூடத் தளர்த்தாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். துன்னாவிடம்தான் சொன்னான்.

"எல்லாம் நல்லாப் போச்சுடா. கடைசியா ஒரு கிழவர், ரெப்போ என்னன்னாரு. ஆறரைன்னேன். நிச்சயமான்னாரு. ரெண்டு வருஷமா அசையல சார்னு அடிச்சுச் சொன்னேன். 'போன வெள்ளிக்கிழமை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?'னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

துன்னா போனைத் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

முடிவு வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் சுவரில் ஆறரை அப்படியேதான் இருந்தது. நான் அதன் கீழேதான் சமைத்தேன். பட்டியலில் அண்ணன் எண் இல்லை.

"எத்தனையில போச்சு?" என்றார் துன்னா.

"ரெண்டு மார்க்."

அப்பாவுக்குப் போன் போட்டான். ஊருக்கு வந்துவிடு, கடையைப் பார்த்துக்கொள் என்று அப்பா சொல்வது எனக்கே கேட்டது. என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் டின்களைக் காலி செய்ய ஆரம்பித்தேன்.

அண்ணன் சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியும்ல? அன்னைக்கு இன்னொரு தடவை அழுத்திச் சொல்றதுக்கென்ன? வாயில என்ன வச்சிருந்த?"

துன்னா, "டேய், விடுடா" என்றார்.

மாவு டின்னை நகர்த்தி நோட்டை எடுத்தேன். சனிக்கிழமைத் தேதிப் பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தேன். பெருக்கி எடுத்த துண்டுக் காகிதத்தையும் அதில்தான் வைத்திருந்தேன்.

"தட்டுக்கு அடியில ஒரு தடவை. வாயால ஒரு தடவை. உன் ஃபைல்ல ஒரு தடவை" என்றேன். "எத்தனை தடவைண்ணா சொல்லணும்?"

என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று நான் நினைக்கவில்லை.

அண்ணன் துண்டுக் காகிதத்தை எடுத்துப் பார்த்தான். பிறகு நோட்டைப் புரட்டினான். பின்னால், முன்னால், மறுபடி பின்னால். செங்கடலில் கப்பல் திரும்பிப் போனது, கோதுமை ஏற்றுமதித் தடை, ஏமன், ஜிபூட்டி. அவன் பங்கும் துன்னாவின் பங்கும் ஒரே நோட்டில் தேதிவாரியாக இருந்தன. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. நான் எழுந்து போகவில்லை.

நோட்டை மூடி மாவு டின்னின் மேல் வைத்தான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். செருப்பைக் காலில் மாட்டி, என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனான்.