மொன்சோ கொடிகளில் காய்ந்த சட்டைகள்

சலவைக்காரி பெரின் கொதோன் கொடியில் போட்ட ஆண்களின் சட்டைகள் காய்ந்து முடியும்போது அவற்றில் காலர் இருக்காது. பாரீசின் விளிம்பில், மொன்சோ மதிலை ஒட்டிய அந்தத் தோட்டத்தில் வேறு எந்தக் குறையும் இல்லை. பாவாடையும் படுக்கை விரிப்பும் பழுதில்லாமல் காய்ந்தன. பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டின் கத்திக்குத் தலை கொடுத்தவர்களைச் சுண்ணாம்பு தூவிப் புதைத்த இடம் அது. பிரபு, ரொட்டிக்கடைக்காரன், அவர்களைக் கொல்லச் சொன்னவர்கள், பிறகு அவர்களையும் கொல்லச் சொன்னவர்கள், எல்லோரும் ஒரே குழியில். கத்திக்கு இடைஞ்சல் என்று காலரை முதலில் வெட்டிவிடுவது அந்நாளைய வழக்கம். குழிகளை மூடி நிலத்தை விற்றபோது பெரினின் கணவன் மலிவாக வாங்கிப்போட்டான். கூரையிலிருந்து விழுந்து அவன் செத்தபின் அவள் சலவைக்கு இறங்கினாள். உதிர்ந்த காலர்களைப் பொறுக்கித் திரும்பத் தைத்துக் கொடுத்துவந்தாள். யாருக்கும் தெரியவில்லை.

மன்னராட்சி திரும்பிய வருடம் அவள் காய்ச்சலில் படுக்க, உதவிக்கு இருந்த ஸெலி சட்டைகளை அப்படியே மடித்து ஒரு நீதிபதி வீட்டில் கொடுத்துவிட்டாள். புரட்சி நாட்களில் தலைகளை வாங்கக் கை தூக்கியவர் அவர். இப்போது மன்னரின் ஆள். காலரில்லாத சட்டைகளை விரித்துப் பார்த்தவர், இது மிரட்டல் என்று போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஒஃப்ரே காவலர்களோடு வந்தார். வீட்டிலிருந்த கத்தரி, கத்தி எல்லாவற்றையும் வாரி மூட்டை கட்டினார். நீதிபதியின் வேறு சட்டைகளை நனைத்துக் கொடியில் போடச் சொல்லி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் வேலியில் சாய்ந்து நின்றார்கள்.

"உனக்கு ஒரு வழி சொல்றேன்," என்றார் பெரினிடம் தாழ்ந்த குரலில். "ஸெலிதான் வெட்டினாள்னு சொல்லிடு. உன்னை விட்டுடறேன்."

ஸெலியின் முகம் வெளிறியது. ஜெயிலுக்குப் போனால் திரும்புவோமா என்று பெரின் நினைத்தாள்.

"அவ கை மடங்காதுங்க ஐயா. வெங்காயமே நான்தான் நறுக்கிக் குடுக்கணும்."

"அப்ப நீதான்."

"நான் இல்லீங்க. இந்த மண்ணு."

காவலன் ஒருவன் சிரித்தான். வெயில் ஏறியது. சட்டைகள் காய்ந்தன; காலர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. "பார்த்தியா? நான் இருந்தா மண்ணு சும்மா இருக்குது!" என்று ஒஃப்ரே எழுந்தார். விலங்கை எடுக்கக் குனிந்தபோது அவருடைய சொந்தக் காலர் கழன்று புல்லில் விழுந்தது. அதைச் சுற்றியிருந்த கழுத்துத் துணியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

ஒஃப்ரே இரு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கா?"

"இருக்குதுங்க ஐயா. சட்டையைக் கழட்டுங்க, தைச்சுத் தரேன். கத்தரியை மட்டும் திருப்பிக் குடுங்க."

அவள் தைத்து முடிக்கும்வரை அவர் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தார். தையல் கோணலாகத்தான் வந்தது. அதையே மாட்டிக்கொண்டு, காலர்களைப் பிய்த்தது காற்று என்று அறிக்கையில் எழுதினார். நீதிபதி வேறு சலவைக்காரியைப் பார்த்துக்கொண்டார்.

பல வருடங்களுக்குப் பின் எலும்புகளைத் தோண்டி வண்டிகளில் ஏற்றி நகரத்துக்கு அடியிலிருந்த சுரங்கங்களுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டம் இருந்த இடத்தில் மாடிவீடு எழும்பியது. கிழவியாகிவிட்ட பெரின் அதன் வாசற்காவலுக்கு இருந்தாள். புதிதாகக் குடிவந்த பேராசிரியரிடம் சாவியைக் கொடுத்தாள்.

"தண்ணி முற்றத்துல. மூணாவது படி ஆடும், பார்த்துப் போங்க. சட்டையை மட்டும் வெளியில காயப்போடாதீங்க."

"சரிம்மா," என்று பேராசிரியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.